ஒல்லியன் தோண்டிய குழி

காட்டுக்குள் அடுத்தடுத்து இரண்டு குளங்கள். மேட்டுக்குளத்தில் தொப்பையன் என்ற பன்றியும் பள்ளக்குளத்தில் ஒல்லியன் என்ற பன்றியும் வாழ்ந்தன. இரண்டுக்கும் கோரைக்கிழங்குதான் சாப்பாடு.

பள்ளக்குளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரையிலும் நடுத்திட்டிலும் கோரையைத் தோண்டக் கூடாது. கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். திட்டில் நீர்க்கோழிகள் கூடு கட்டும். மேட்டுக்குளத்தில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மழை குறைந்து கோரை அருகிப்போன இரண்டு வருஷத்தில் தொப்பையன் கரையையே குடைந்து தின்று, வயிறு தரையில் இழுபடும் அளவுக்குக் கொழுத்துவிட்டது.

ஒல்லியனுக்கு வயிறெரிந்தது. தன் குட்டிகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. தொப்பையன் ஏப்பம் விடும் சத்தம் வேறு காற்றில் வந்து காதில் விழும்!

ஒல்லியன் குளத்தைக் காவல் காக்கும் நீர்க்கோழியிடம் சண்டைக்குப் போனது. "அவன் மட்டும் தின்னு கொழுப்பான், நான் நல்லபிள்ளையா பட்டினி கிடக்கணுமா?"

"கரை உடைஞ்சா குளமே இல்லை. தோண்டாதே, அவ்வளவுதான்" என்றது நீர்க்கோழி.

"நீ பூச்சி பிடிச்சுத் தின்னுட்டுப் பேசுவே. என் குட்டிங்க எதைத் தின்னும்?"

நீர்க்கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் அது இரை தேடப் போன நேரம் பார்த்து ஒல்லியன் கரையில் மூக்கை வைத்தது. குட்டிகள் வயிறு நிறையத் தின்றன. பசி அடங்கியும் தொப்பையனின் வயிறு கண்முன்னே நின்றது. அவனைவிட ஒரு சுற்றாவது பெருக்க வேண்டாமா? ஒல்லியன் மேலும் தோண்டியது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகியும் விடவில்லை. நான்காம் நாள் காலை தொப்பையன் குட்டிகளோடு சேறும் சகதியுமாக வந்து நின்றது.

"கரை உடைஞ்சு குளம் போச்சுப்பா. இங்கே கொஞ்சம் இடம் கொடு."

ஒல்லியனுக்கு உள்ளூர சந்தோஷம். ஆனால் அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. தான் தோண்டிய குழி வழியாகத் தண்ணீர் பீறிட்டது. ஓடிப்போய்க் குழிக்குள் தன் உடம்பையே திணித்தது. ஒல்லி உடம்பு, இடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

"டேய், நீயும் வாடா!" என்று கத்த வேண்டியதாயிற்று. எந்தத் தொப்பையைப் பார்த்து வயிறெரிந்ததோ, அந்தத் தொப்பைதான் ஓட்டையை அடைத்தது. குட்டிகள் மண் தள்ளின. நீர்க்கோழி புல் கொண்டுவந்து போட்டது.

மழை ஓய்ந்ததும் நீர்க்கோழி ஒல்லியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "தோண்டாதேன்னு மட்டும் சொன்னேன். எங்கே தோண்டலாம்னு சொல்லலை. அது என் தப்பு. குஞ்சு பொரிச்சதும் திட்டுக் கோரையை எடுத்துக்கோ. எடுக்கிற நாலு கிழங்கில் ஒண்ணைக் கரையில் நட்டுடு."

முதல் கிழங்கைத் தொப்பையன்தான் நட்டது. தலைகீழாக நட்டது. ஒல்லியன் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி வைத்தது.

அடுத்தவன் அழித்துக் கொழுத்ததைக் கண்டு பொறாமையில் நாமும் அழிப்பது வளர்ச்சி ஆகாது. பசித்தவனுக்குப் பிழைக்க வழி காட்டாத காவலும் காவல் ஆகாது.