மூன்று நண்டும் ஒரு வயிறும்

ஒரு காட்டுக் குளத்தில் குப்பாயி என்ற தவளை குடியிருந்தது. அந்தக் குளத்தில் மூன்று வாய்க்கால்கள் வந்து விழுந்தன. ஒன்றில் நரியின் சாயப்பட்டறைக் கழிவு வந்தது. இன்னொன்றில் காட்டுப்பன்றியின் கிழங்குமாவு ஆலைக் கழிவு. மூன்றாவதில், கரடி இலுப்பைப்பூ சாராயம் காய்ச்சிவிட்டு ஊற்றிய மிச்சம்.

குப்பாயியின் தலைப்பிரட்டைகள் கால் முளைக்கும் முன்பே செத்து மிதந்தன. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. அது சிங்கராஜாவிடம் போய் அழுதது. ராஜா சோதனை அதிகாரியாகக் கொக்கை அனுப்பினார்.

கொக்கின் சோதனை எளிது. வாய்க்காலில் ஒரு நண்டைப் பிடித்துத் தின்னும். வயிறு வலிக்காவிட்டால் வாய்க்கால் சுத்தம்! ஒரு நாளைக்கு ஒரு வாய்க்கால்தான். வேலைப்பளு அப்படி!

முதல் நாள் நரியின் வாய்க்காலில் தின்று ஏப்பம் விட்டது. “கழிவு அளவுக்குள்ளே இருக்கிறது!”

மறுநாள் பன்றியின் வாய்க்கால். “இதுவும் அளவுக்குள்ளே!”

அடுத்த நாள் கரடியின் வாய்க்கால். “லேசாகக் கிறுகிறுக்கிறது. ஆனாலும் அளவுக்குள்ளே!”

“அப்படியானால் என் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள், ஐயா?” என்று கேட்டது குப்பாயி.

“வளர்ப்பு சரியில்லை, அம்மா!”

குப்பாயிக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் அடக்கிக்கொண்டது. “ஐயா அலைந்து களைத்துவிட்டீர்கள். மூன்று வாய்க்கால் நண்டும் பிடித்து வைத்திருக்கிறேன். சேர்த்துச் சாப்பிடுங்கள். எல்லாம் அளவுக்குள்ளேதானே!”

ஓசிச் சாப்பாடு என்றால் கொக்குக்கு உயிர். மூன்றையும் விழுங்கியது. சற்று நேரத்தில் கால் பின்னியது, கண் இருண்டது.

“ஐயோ! எனக்கு விஷம் வைத்தது யார்?”

சத்தம் கேட்டு முதலாளிகள் மூவரும் ஓடிவந்தார்கள்.

“என் நண்டு அளவுக்குள்ளே! நீங்களே சொன்னீர்கள்!” என்றது நரி. பன்றியும் கரடியும் அதையே சொல்லின.

“யார் மேலும் குற்றமில்லை, ஐயா. உங்கள் வளர்ப்புதான் சரியில்லை போலிருக்கிறது!” என்றது குப்பாயி.

கொக்கு ஒருவழியாகப் பிழைத்தது. எழுந்ததும் முதல் வேலையாக ஓர் ஆணை போட்டது. ‘இனி எந்த அதிகாரியும் ஒரே வேளையில் மூன்று நண்டு சாப்பிடக் கூடாது!’

“ரொம்ப நல்லது, ஐயா! என் பிள்ளைகள் எந்த வேளைக்கு எந்த வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டும்? அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்!”

கொக்கு பறந்துவிட்டது. குளத்தில் அன்றைக்கும் நாலைந்து தலைப்பிரட்டைகள் மிதந்தன.

எத்தனை வாய்க்காலில் வந்தாலும் விஷம் போய்ச் சேரும் வயிறு ஒன்றுதான். அளக்க வந்தவர் அங்கேதான் அளக்க வேண்டும்.