காற்றுக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்த ஊர்

கோணப்பனங்குடியில் ஒரு பனைகூட நேராக நிற்காது. மேற்கே மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று அப்படி. ஆடி மாதத்தில் அங்கே கிழக்கே போகிறவனுக்குக் கால் தேவையில்லை, மேற்கே போகிறவனுக்குக் கால் இருந்தும் பிரயோசனமில்லை. ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கஷ்டமும் அதுதான்.

அந்த ஊர் மாசானத்துக்குத் தலையில் நரை எட்டிப் பார்த்தும் கல்யாணம் ஆகவில்லை. முதலில் போன இடத்தில் "பொண்ணை நல்லாப் பாத்துக்கோங்க மாப்ளே" என்றார்கள். பார்த்தான். போதும் என்று யாரும் சொல்லாததால் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

கடைசியில் செண்பகவல்லி அமைந்தாள். டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவள் போட்டது ஒரே நிபந்தனை.

"என் தையல் மெஷின் மோட்டார்ல ஓடுது. உங்க ஊர்ல கரண்டே கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு அப்பாவோட வந்து பாப்பேன். உங்க வீட்டுல பல்பு எரிஞ்சா ஆவணியில கல்யாணம். எரியலேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க."

மாசானம் ஓடிப்போய் நாட்டாமை கொம்பையா காலில் விழுந்தான். நாட்டாமை அங்கே இங்கே அலைந்து ஒரு காற்றாடிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இஞ்சினியர் ஒருவர் லாரியோடு வந்து ஊர் மேட்டில் அதை நட்டு, மாசானம் வீட்டுக்கு வயர் இழுத்து, பல்பும் மாட்டிவிட்டார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். மனிதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"காத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. முதல்ல மனுஷன் அதை வச்சுப் பாய்மரக் கப்பல் விட்டான். அப்புறம் மாவு அரைச்சான். அப்புறம் கிணத்துல தண்ணி இறைச்சான். இப்படிப் படிப்படியா வந்துதான் இன்னிக்குக் கரண்டு எடுக்கிறோம். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது. எடுக்க எடுக்கத் தீராது."

லாரியில் ஏறும்போது காற்றாடிக் கம்பத்தில் இருந்த சிவப்புக் கம்பியைக் காட்டினார். "ஆடி பிறந்ததும் ஊர்ல பொறுப்பான ஆள் ஒருத்தர் இதைக் கீழே இழுத்து விடுங்க. வேற யாரும் தொடக் கூடாது."

ஆடி பிறந்தது. ஊர் கூடியது.

"நாட்டாமை இருக்கும்போது வேற யாரு?" என்றார்கள் எல்லாரும்.

கொம்பையா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லாடே. தை மாசம் எருமையைக் குளிப்பாட்டக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் குளிச்சிட்டு வந்துட்டேன். எருமை இன்னும் வரல."

"அப்ப பூசாரி?"

"சாவி தொலையக் கூடாதுன்னு கோயிலுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்" என்றார் பூசாரி சுப்பாண்டி. "ரெண்டு மாசமா சாமிக்குப் பூசை வெளிய நின்னுதான் நடக்கு. நான் தொடக் கூடாது."

மாசானம் நாட்டாமைக்கு முன்னால் வந்து நின்றான். "எனக்குத்தான அவசரம். நானே இழுக்கேன் பெரியப்பா" என்று கையைத் தூக்கினான்.

அவனுடைய அம்மா உலகம்மாள் எழுந்துவிட்டாள். "எம்புள்ளங்கிறதுக்காக நான் பொய் சொல்லமாட்டேன். அடுப்புல பால் பொங்குதா பாருலேன்னு சொல்லிட்டுப் போனேன். பாத்துக்கிட்டேதான் நின்னான். பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்ச பிறகு, 'பொங்கிட்டும்மா'ங்கான்."

உண்மைதான். மாசானம் கையை இறக்கிக்கொண்டான். கோணப்பனங்குடியில் பொறுப்பான ஆள் எவரும் இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. யாரும் அந்தக் கம்பி பக்கம் போகவில்லை.

காற்றாடியும் சுற்றவில்லை. மேட்டில் காற்று வேட்டியை உருவிக்கொண்டு போகிறது, மூன்று இறக்கையும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஏன் என்று மறுபடி கூடிப் பேசினார்கள்.

"மேற்கால ஊர்லயும் காத்தாடி வச்சிருக்கான். கரும்பைப் பிழியுத மாதிரி பிழிஞ்சு எடுத்துக்கிட்டுச் சக்கையை நம்ம பக்கம் விடுதான்" என்றார் கொம்பையா. "நாம மூச்சு விடுததே எச்சில் காத்துடே." கூட்டத்தில் நாலு பேர் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

பூசாரி யோசித்துவிட்டுச் சொன்னார். "அது இல்ல நாட்டாமை. இஞ்சினியர் என்ன சொன்னாரு? முதல்ல கப்பல், பொறவு மாவு, பொறவு தண்ணி, கடைசியிலதான் கரண்டு. படிப்படியான்னாரா இல்லியா? நம்ம ஊர்க் காத்து ஒண்ணாங்கிளாஸே படிக்கல. எடுத்த எடுப்புல கரண்டு குடுன்னா அது எங்க போவும், பாவம்."

எல்லாருக்கும் காற்றின் மேல் இரக்கம் வந்துவிட்டது. மாசானம்தான் ரொம்ப வருத்தப்பட்டான். அவனும் ஒண்ணாங்கிளாஸைத் தாண்டாதவன்.

பாடம் மறுநாளே தொடங்கியது. கடல் இல்லாததால் ஒரு மாட்டு வண்டியில் கம்பு நட்டு, ஊர் வேட்டிகளையெல்லாம் சேர்த்துத் தைத்துப் பாய் கட்டினார்கள். மாட்டைக் கட்டினால் பாடத்தை மாடு படித்துவிடும் என்று அவிழ்த்துவிட்டார்கள். நாட்டாமை ஏறி உட்கார்ந்து "படி" என்றார். அவ்வளவுதான். வண்டி மேட்டிலிருந்து இறங்கிய வேகத்தில், தேடிக்கொண்டிருந்த எருமையைக்கூட வழியில் தாண்டிப் போயிற்று. அதைக் கூப்பிட அவருக்கு அவகாசம் இல்லை. உடைமரத்து முள்ளுக்குள்ளிருந்து அவரை எடுத்தபோது, "பாஸ்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தது மாவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வார்களே, அதற்காக ஊரில் உள்ள அம்மிகளையெல்லாம் முன்னெச்சரிக்கையாகக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஆட்கள் தரையில் படுத்தார்கள். மறுநாள் மேட்டில் அரிசியைக் கொட்டப் போனார் கொம்பையா. மாசானம் தடுத்தான்.

"புதுசாப் படிக்கிறதுக்கு அரிசி கஷ்டம் பெரியப்பா. முதல்ல மாவை மாவாக்கிப் பழகட்டும்."

நல்ல யோசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வீடு இருந்த மாவைக் கொண்டுவந்து மேட்டில் குவித்தார்கள். கொட்டிய வேகத்தில் அத்தனையும் கிளம்பி, பாதி பக்கத்து ஊருக்குப் போயிற்று, பாதி இவர்கள் மேல் அப்பிக்கொண்டது.

"மில்லுக்காரனும் கூலிக்குக் கொஞ்சம் எடுக்கத்தான செய்வான்" என்று மாவுக்குள்ளிருந்து பூசாரி சொன்னார்.

தண்ணீர்ப் பாடம்தான் இழுத்துவிட்டது. கிணற்றில் வாளியை இறக்கிவிட்டு, காற்றுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தள்ளி நின்றார்கள். கயிறு ஆடியது. "யோசிக்குது" என்றார் பூசாரி. நாமே இறைத்தால் அது காப்பியடித்துவிடும் என்பதால் யாரும் வாளியைத் தொடவில்லை. ஆடிப் பதினெட்டும் வந்துவிட்டது. குளமும் வற்றிக் கிடந்ததால் முகம் கழுவக்கூட ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

செண்பகவல்லி அப்பாவோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். வெள்ளை வெளேரென்று ஒரு ஊரே அவளைக் கும்பிட்டது. அதில் மாசானம் யார் என்று கண்டுபிடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அழுது அழுது கன்னத்தில் இரண்டு கோடு விழுந்திருந்ததை வைத்துக் கண்டுபிடித்தாள்.

"பல்பு எரியலியா?"

"காத்து இன்னும் மூணாங்கிளாஸ் தாண்டலங்க" என்றான் மாசானம். "கொஞ்சம் பொறுத்தீங்கன்னா..."

அவள் மேட்டுக்கு ஏறிப் போய்க் காற்றாடியைச் சுற்றிப் பார்த்தாள். "இந்தச் சிவப்புக் கம்பி எதுக்கு?"

"ஐயோ, அதைப் பொறுப்பான ஆள்தான் தொடணும். எங்க ஊர்ல அப்படி யாரும் இல்ல. நானும் இல்ல."

செண்பகவல்லி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கம்பியைக் கீழே இழுத்தாள். இறக்கைகள் முனகின, அசைந்தன, பிறகு சுழன்றன. கீழே மாசானம் வீட்டில் பல்பு பளிச்சென்று எரிந்தது. உலகம்மாள் வாசலுக்கு வந்து குலவை போட்டாள். மாசானத்துக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. காற்றும் அதற்கு ஒத்தாசை செய்தது.

"இவ்வளவு வெகுளியா இருக்காங்களேம்மா, யோசிச்சுக்கோ" என்றார் அவளுடைய அப்பா.

"நம்ம டவுன்ல பொறுப்பில்லாதவன்தாம்ப்பா எல்லாத்தையும் தொடுதான்" என்றாள் அவள். "இவரு தொடல. எனக்கு இவரு போதும்."

ஆவணியில் முகூர்த்தம். பந்தல் முழுக்கக் காற்றுக் கரண்டில் பல்புகள் எரிந்தன. பூசாரி தாலியை எடுத்து மாசானம் கையில் கொடுத்துச் சொன்னார்: "கட்டுப்பா. இனிமே இவளுக்கு நீதான் பொறுப்பு."

மாசானத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் பாவமாக நாட்டாமையைப் பார்த்தான். நாட்டாமை பூசாரியைப் பார்த்தார். மேளக்காரர் ஓங்கிய குச்சியை இறக்கவில்லை.

"ஊர்த் தீர்மானம் இருக்கே" என்றார் கொம்பையா மெதுவாக. "இந்த ஊர்ல பொறுப்பான ஆளு இப்ப ஒருத்திதான்."

மாசானம் தலையைக் குனிந்து தாலியைச் செண்பகவல்லியிடம் நீட்டினான். அவள் பெருமூச்சு விட்டாள். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கழுத்தைக் காட்டுங்க" என்றாள்.

கெட்டிமேளம் முழங்கியது. இப்போதும் ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் போனால் மாசானத்தைப் பார்க்கலாம். காற்றாடிக்கடியில் நிற்பான். காற்று அவன் தாலியை முதுகுப் பக்கம் தூக்கிப் போடும். அவன் அதை முன்னால் இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பதறாமல் சட்டைக்குள் விட்டுக்கொள்வான்.