போறேன் என்றவனைத் தேடிப் போனவள்

வெகுகாலத்துக்கு முன்னால், மலைகளுக்கு இன்னும் பேர் வைத்து முடியாத காலத்தில், மஞ்சணத்தி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு மலையில் சடையங்கி என்று ஒரு மந்திரவாதி இருந்தான். அவனுக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டில் சண்டை போட்டு "போறேன்" என்று சொல்லிக் கிளம்புகிறவர்களை ஆடாக்கித் தன் பட்டியில் அடைப்பான்.

"போயிட்டு வரேன்" என்றுதானே சொல்லிக் கிளம்புவோம், "போறேன்" என்று யார் சொல்வார்கள் என்று கேட்பீர்கள். கோபம் வராதவரைக்கும் நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். பட்டியில் நிற்க இடமில்லாமல் ஆடுகள் இருந்தன.

செங்கமலத்தின் புருஷன் முத்திருளனும் அப்படித்தான் மாட்டிக்கொண்டான். பூசணிப் பிஞ்சைப் பறித்தது யார் என்று இருவருக்கும் சண்டை. நீயா நானா என்று பேச்சு முற்றியது. "நான் போறேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவன் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. 'போறேன்' என்று சொல்லிவிட்டாரே என்று செங்கமலம் ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் மலையேறினாள்.

பட்டியில் எல்லா ஆடுகளும் அவளைப் பார்த்துக் கத்தின. ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதுதான் நம்ம ஆள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயா, என் புருஷனை விட்டுடுங்க" என்றாள்.

"போறேன்னு சொன்னவன் எனக்குச் சொந்தம்" என்றான் சடையங்கி.

"எங்க தோட்டத்தை எடுத்துக்குங்க."

"போறேன்னு சொன்னவன் எனக்குச் சொந்தம்."

"அவருக்குப் பதிலா என்னை ஆடாக்குங்க."

"போறேன்னு சொன்னவன் எனக்குச் சொந்தம். ஆனா ஒரு வழி இருக்கு. 'போயிட்டு வா'ங்கிற சொல்லுக்கு முன்னாடி என் மந்திரம் நிக்காது. அவன் படியிறங்கும்போது நீ அதைச் சொல்லியிருந்தா இப்பவே கூட்டிட்டுப் போ. சொன்னியா?"

ஆமாம் என்றால் போதும். கேட்டவர் யாரும் இல்லை. ஆனால் ஆட்டுக்குத் தெரியுமே! பொய்யால் மீட்டவனோடு காலமெல்லாம் எப்படிக் குடும்பம் நடத்துவது?

"இல்லீங்கய்யா" என்றாள் தலைகுனிந்து. "'போங்களேன், யாரு கையைப் பிடிச்சா'ன்னு சொல்லிட்டேன்."

சடையங்கி திகைத்தான். இதுவரை தேடி வந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்று புளுகி, சொன்ன வாய் மூடுமுன் ஆடாகிப் போனவர்கள்.

"பொய் சொல்லாததால உன்னை விடறேன். இறங்கிப் போ" என்றான்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரிங்கய்யா. நாளைக்கும் வந்து கேப்பேன். போயிட்டு வரேன்."

அந்த மலையில் அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. அவனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவர் ஒருவரும் இல்லை. மந்திரவாதியானாலும் அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே? வாய் தன்னால் திறந்துவிட்டது.

"போயிட்டு வா" என்றான்.

அவ்வளவுதான். பட்டி வேலி படபடவென்று சரிந்தது. ஆடுகள் எல்லாம் மனிதர்களாகி எழுந்து நின்றன. ஆளுக்கு ஒரு திசையில் வீட்டைப் பார்த்து ஓடினார்கள். முத்திருளன் மட்டும் கொம்பு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்து, "பிஞ்சைப் பறிச்சது நான்தான்" என்றான்.

"தெரியும், நடங்க" என்றாள் செங்கமலம். அவள் அழுததை அவன் பார்த்தான். அவனும் அழுதான்.

மறுநாள் காலையில் செங்கமலம் கட்டுச்சோறு கட்டினாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மலைக்கு."

"அந்தப் பாவிகிட்டயா? எதுக்கு?"

"வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேனே."

முத்திருளன் தலையைச் சொறிந்தான். பிறகு சோற்று மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

மலைமேல், ஆடில்லாத பட்டியின் வாசலில், சடையங்கி விடிந்ததிலிருந்து பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்து, "வாங்க" என்றான். மந்திரமெல்லாம் மறந்துபோன அவனுக்கு இப்போது அந்த ஒரு சொல்தான் தெரிந்திருந்தது.