செம்மி நண்டு பிள்ளைகளை இறக்கி விடாத கதை

அநியாயம் நடந்தது செம்மி என்ற நண்டுக்கு. ஓடைக்கரை மணலில் அவள் இட்டுவைத்த அத்தனை முட்டைகளையும், ஓடைக்கு மேலே குடியிருந்த மேட்டுப்பட்டணத்தார் ஒரே மழையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போக வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை, அதற்கு மேளமும் கொட்டினார்கள்.

நண்டு கேட்டால் மனிதர் பதில் சொன்ன காலம் அது. அப்போதெல்லாம் நண்டுகள் கரை மணலில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுத் தம் பாட்டுக்கு மேயப் போய்விடும். பயமில்லை. மழை பெய்தால் மேட்டு மண் முதலில் குடிக்கும். வயிறு நிறைந்த பிறகுதான் மிச்சத்தை ஓடைக்கு விடும். தண்ணீர் விரல் விரலாக ஏறும். முட்டைகளை மேலே நகர்த்த இரண்டு நாள் அவகாசம் இருக்கும்.

அந்த ஐப்பசியில் அவகாசமே இல்லை. முதல் தூறல் செம்மியின் முதுகோட்டில் விழுந்தது. கொஞ்சம் வலுத்தது. அவள் குழியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடை சுவர் போல எழுந்து வந்தது. கலங்கல், செங்கல் துண்டு, தேய்ந்த துடைப்பம். வேர் ஒன்றைக் கொடுக்கால் பிடித்துத் தொங்கியதால் அவள் மட்டும் பிழைத்தாள். மழை விட்டபோது குழியைக் காணோம். குழி இருந்த கரையையே காணோம்.

அழக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. மேலே ஏதோ ஏரி உடைந்திருக்கிறது, எத்தனை பேர் செத்தார்களோ என்று பதறி ஊருக்குள் ஏறிப் போனாள்.

ஊரில் திருவிழா. விசாரித்தபோதுதான் விளங்கியது. மழை விட்டதும் எந்தத் தெரு முதலில் காய்கிறதோ, அந்தத் தெருப் பெரியவருக்குத் தலைப்பாகை கட்டுவது மேட்டுப்பட்டணத்து வழக்கமாம். அதற்காக அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு மண் வாசல்களுக்கெல்லாம் கல் பாவி, குட்டைகளைத் தூர்த்து, கால்வாய்களை நேராக ஓடைக்கு வெட்டியிருந்தார்கள். அந்த வருடத் தலைப்பாகை சடையாண்டிக்கு.

செம்மி அவர் காலடியில் போய் நின்றாள். "என் முட்டைகளை என்ன செய்தீர்கள், ஐயா?"

"மழை செய்ததற்கு நான் என்ன செய்வேன்?"

"பெய்தது மழை. விரட்டியது நீங்கள்."

வாசலில் தண்ணீர் ஒரு நாள் தங்கினால் காலெல்லாம் சேறாகும் என்றார் அவர். சேறு கழுவினால் போய்விடும், என் பிள்ளைகள் எதைக் கழுவினால் வருவார்கள் என்று கேட்டாள் அவள். தண்ணீர் வருகிற இடத்தில் குடியிருப்பது யார் தப்பு என்றார். இத்தனை காலம் நடந்து வந்த தண்ணீரை ஓட வைத்தது யார் என்றாள். சடையாண்டி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"அவ்வளவு பாசம் இருந்தால் பிள்ளைகளை வயிற்றோடு கட்டிக்கொண்டு திரியேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர்கூட ஓடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. செம்மிக்கு வெள்ளத்தைவிட அதுதான் பேரதிர்ச்சி.

மறுபடி முட்டையிட்டபோது அவள் மணலைத் தேடவில்லை. வயிற்று மடிப்பைத் திறந்து, உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.

பங்குனியில் மேட்டுப்பட்டணத்துக் கிணறுகள் வறண்டன. குடிக்க விடாமல் மண்ணைப் பட்டினி போட்டவர்களுக்கு மண் எங்கிருந்து கொடுக்கும்? சடையாண்டி குடத்தோடு ஓடைக்கு இறங்கி வந்தார். ஓடையில் கல்தான் கிடந்தது. ஒரே ஒரு வளையில் மட்டும் ஈரம். அதன் வாசலில் செம்மி, வயிறு கொள்ளாமல் குஞ்சுகள். தான் கேலியாகச் சொன்னதை அவள் அப்படியே செய்திருப்பதைக் கண்டு அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"அன்றைக்கு ஏதோ வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன், தாயி. இப்போதுதான் வெள்ளம் இல்லையே. இறக்கி விடேன்."

பெண் நண்டு தன் பிள்ளைகளை வயிற்று மடிப்பில் சுமந்து திரிவது அன்று தொடங்கியதுதான். இன்றுவரை இறக்கவில்லை. ஏனென்றால், அன்று சடையாண்டிக்கு அவள் பதிலாகச் சொன்னதை ஊர் இன்னும் செய்து முடிக்கவில்லை: "முதலில் உங்கள் வாசல் கல்லைப் பெயர்த்துவிட்டு வாருங்கள், ஐயா."