சந்தனம் பூசிய கடைசி ஓலை

"நூலில் தப்பு இருக்கிறது" என்று சேந்தன் சொன்னபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடவேண்டியவர் போடவில்லை. அன்று காலையில் மடத்தில் யாரும் சாப்பிடவில்லை.

"எந்த நூலில்?" என்று கேட்டார் கொற்றனார். சுவடி அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"நம்மிடம் வேறு எந்த நூல் இருக்கிறது?"

உண்மைதான். அந்த மடத்தில் இருந்தது ஒரே நூல். மற்றதெல்லாம் அதற்கு உரை, உரைக்கு உரை, அந்த உரையைத் திட்டி இன்னொருவர் எழுதியது. நூலை எழுதியவரை முதலாசிரியர் என்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதை குறைந்துவிடுமாம்.

"எந்த இடத்தில் தப்பு?"

"ஆற்று வரியில்."

கொற்றனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆற்று வரி தெரியாதவர் அந்த நாட்டில் கிடையாது. ஆறு கடலிலிருந்து வருகிறது, மண்ணுக்கு அடியில் நடந்து வருகிறது. அவ்வளவுதான் வரி. ஏன் அப்படி எழுதினார் என்றால், அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆடி மாதம் அங்கே ஒரு சொட்டு மழை கிடையாது. காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போடும். வயல் வெடித்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆறு கரைமுட்ட வரும். வானத்திலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து? கீழேயிருந்துதான். சமவெளியை விட்டு வெளியே போகாத யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதலாசிரியர் போனதில்லை.

ஒரே ஒரு வரி. அதை வைத்து என்னென்னவோ நடந்துவிட்டது. விதைக்கும் முன் கடல் இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். கிணறு வெட்டினால் கடலைப் பார்த்தே வெட்டினார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அடியில் மறைந்திருந்ததுதான் என்று மடம் ஒரு கொள்கையே கட்டிவிட்டது. அந்தக் கொள்கையை நம்பி வைத்தியர்கள் மருந்து கொடுத்தார்கள். அரசர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகள் மணலில் முதன்முதலாக எழுதிப் பழகுவதும் அந்த வரிதான்.

சேந்தன் ஐம்பதைத் தாண்டியவர். கடலோரத்துக் குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் மடத்துக்கு வந்தவர். வேறு போக்கிடம் இல்லை.

ஓலைகளைப் பூச்சி அரித்துவிட்டால் யாராவது ஒருவர் நூலைப் புது ஓலையில் படியெடுப்பார். ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. ஆடிப்பெருக்கு அன்று பழைய ஓலையை ஆற்றில் விடுவார்கள். படியெடுத்தவர் அன்றிலிருந்து மடத்தின் ஆசிரியர் பக்கத்தில் உட்காரலாம். ஒருவர் ஆயுளில் அந்த வாய்ப்பு ஒருமுறை வந்தாலே அதிகம். இந்த முறை சேந்தனுக்கு வந்தது. நாளைக்கு ஆடிப்பெருக்கு. இன்றைக்குப் போய் வாயைத் திறந்தார்.

இன்னொரு விதியும் இருந்தது. நூல் தப்பு என்று சொல்பவனுக்கு மடத்தில் சோறு கிடையாது.

"தப்பு என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்றார் கொற்றனார்.

"போய்ப் பார்த்தேன்."

"போன ஆடியில் எழுத்தாணிக்கு இரும்பு வாங்கத்தானே போனீர்?"

"இரும்பு வாங்கினேன். அப்புறம் திரும்ப மனம் வரவில்லை. ஆற்றோரமாகவே நடந்தேன். மலையில் ஏறினேன். மேலே போனால் ஆறு ஒரு தாண்டு அகலம்தான் இருக்கிறது. அங்கே மழை கொட்டுகிறது, கொற்றனாரே. நம் ஊரில் மண் பறக்கிற அதே நாளில் அங்கே விடாமல் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர்தான் இங்கே வருகிறது."

"ஆக, இரும்பு வாங்கப் போனவர் முதலாசிரியரைவிடப் பெரியவராகித் திரும்பியிருக்கிறீர்."

"பெரியவன் என்று சொல்லவில்லை. நனைந்தேன் என்கிறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கொற்றனார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டு பேரும் வெண்ணி அம்மையிடம் போனார்கள்.

அப்போது மடத்துக்கு ஆசிரியர் வெண்ணி அம்மைதான். சேந்தனைவிட ரொம்பச் சின்னவர். பழைய ஆசிரியர் சாகும்போது இவரைக் கைகாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். ஏன் என்று கேட்க அவர் இல்லை. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்கள்.

அம்மை ஓலைகளை நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தார். கொற்றனார் நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் கூட்டியும் சொன்னார். அம்மை ஒவ்வொரு ஓலையாகத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"படியெடுத்து முடித்தாயிற்றா, சேந்தனாரே?"

"முடித்துவிட்டேன் அம்மையே."

"ஆற்று வரியை என்ன செய்தீர்?"

"இருந்தபடியே எழுதினேன். மாற்றிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் மாற்றவில்லை."

"ஏன்?"

"அது அவர் சொன்னது. அவர் சொன்னதாக நான் ஒன்றை எழுதினால் அது இன்னொரு பொய்."

"பிறகு என்ன தகராறு?"

"இல்லாததை இன்னொரு தலைமுறைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேனே. அதுதான். மறைத்துவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது."

"சொல்லிவிட்டீரே, இப்போதும் இறங்கப்போவதில்லை" என்றார் கொற்றனார். "போட்டால்தானே இறங்கும்."

"புதுச் சுவடியைக் கொண்டுவாரும்" என்றார் அம்மை.

சேந்தன் கொண்டுவந்து வைத்தார். அம்மை கயிற்றை அவிழ்த்தார். மேல் மரச்சட்டத்தை எடுத்தார். ஆற்று வரி இருக்கும் ஓலையை எடுப்பார் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். அவர் கடைசி ஓலையை உருவினார்.

அந்தக் கடைசி ஓலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதில் எதுவும் எழுதியிருக்காது. முதலாசிரியர் தன் கையால் எழுதிய சுவடியிலேயே கடைசி ஓலை வெறுமையாக இருந்ததாம். படியெடுத்தவர்கள் ஓர் எழுத்தும் மாறாமல் எடுக்கிறவர்கள் ஆயிற்றே. வெறும் ஓலைக்கு ஒரு வெறும் ஓலை வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். யாரோ அதற்குச் சந்தனம் பூச ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். அது மௌனம் என்று ஒரு கட்சி. இல்லை, இன்னும் பிறக்காத சொல் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பேசிக்கொள்ளாது. ஆனால் ஒரே குழம்பைத்தான் ஊற்றிக்கொள்ளும். எதுவுமே எழுதாத ஓலைக்கு மடத்தில் ஒரு பெட்டி நிறைய உரை இருந்தது.

சேந்தனும் முறைப்படி சந்தனம் பூசித்தான் வைத்திருந்தார். அது காய்ந்து வெடித்திருந்தது.

அம்மை செம்பைச் சாய்த்து ஓலையில் தண்ணீர் ஊற்றினார். கட்டைவிரலால் தேய்த்தார். சந்தனம் கரைந்து தரையில் ஓடியது.

"அம்மையே, அது மௌனம்" என்றார் கொற்றனார்.

"ஓலை" என்றார் அம்மை. முந்தானையால் துடைத்தார்.

"முதலாசிரியர் காரணமில்லாமலா அதை வெறுமையாக வைத்தார்?"

"கொற்றனாரே, சந்தைக்கு வெறும் பையோடு போகிறீரே, எதற்கு?"

"காய் வாங்க."

"கும்பிட இல்லையே?"

கொற்றனார் தரையில் ஓடிய சந்தனத்தை மிதித்துவிடாமல் காலை நகர்த்திக்கொண்டார்.

அம்மை ஓலையைச் சேந்தனிடம் நீட்டினார். "இதில் எழுதும். முதலாசிரியர் சொன்னது தப்பு, ஆறு மலையில் பிறக்கிறது என்று எழுதும். உம் பெயரையும் போடும். நாளைக்கு ஆற்றங்கரையில் ஊர் முன்னால் நானே வாசிக்கிறேன்."

சேந்தன் ஓலையை வாங்கவில்லை. துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் அவர் காலையில் வாயைத் திறந்திருந்தார். இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை.

"அப்படியென்றால் நான் இங்கேயே இருக்கலாமா?"

"இருக்கலாம். பக்கத்தில் உட்காரலாம். எழுதிக் கொடுத்தால் போதும்."

"சோற்று விதி இருக்கிறதே" என்றார் கொற்றனார்.

"என் பங்கில் பாதி அவருக்கு."

சேந்தன் இரண்டு கையாலும் ஓலையை வாங்கிக்கொண்டார். அழுதுவிடுவார் போல இருந்தது. அம்மை மறுபடி ஓலைகளைத் திருப்பிப் போட உட்கார்ந்தார்.

"ஒன்று சேந்தனாரே. மழை எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிடும். வாசித்தால் யாராவது கேட்பார்கள்."

"மேகத்திலிருந்து."

"மேகம்?"

"மேற்கேயிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து."

"அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?"

"உச்சிவரை போகவில்லை அம்மையே. குளிர் தாங்கவில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டோம் என்று இறங்கிவிட்டேன்."

"சரி, போகட்டும். பார்த்ததை எழுதும். இரண்டு வரி போதும்."

சேந்தன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஓலையை இடதுகையில் பிடித்தார். எழுத்தாணியை எடுத்தார். மணலில் எழுதினால் கலைத்துவிடலாம். ஓலையில் கீறினால் கீறியதுதான்.

'முதலாசிரியர் சொன்னது' என்பதுவரை மனத்தில் ஓடியது. முனையை வைத்தார். எடுத்தார்.

மலைப் பாதையில் ஒரு பெண் எதிரே வந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஏறி, உச்சியைத் தாண்டி இறங்கி வந்தவள். தலையில் கூடை. கூடையில் நெத்திலிக் கருவாடு. "வேணாமா சாமி? நல்லா காஞ்சது" என்று சிரித்தாள். இவர் மடத்துக்காரர் அல்லவா, மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை.

நெத்திலி ஆற்று மீன் இல்லை, கடல் மீன். குப்பத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மேகம் கடலில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறது என்று நடவுப் பெண்கள் பாடுவார்கள். அதையும் அவர் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார். மடத்தில் பாட்டைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

வெயில் சாய்ந்தது. கொற்றனார் அந்தப் பக்கமாக வந்தார். சும்மா வந்த மாதிரி.

"என்ன, எழுத்தாணி ஓடவில்லையா? வாயால் தப்பு என்று சொல்வது லேசு."

"ஆமாம். லேசாகத்தான் இருந்தது."

"இப்போது?"

"கொற்றனாரே, கடல் எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி? கிழக்கே."

"மேற்கே?"

"மேற்கே மலை."

"மலைக்கு அப்புறம்?"

"அப்புறம் என்ன இருந்தால் நமக்கென்ன?"

சேந்தன் தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் இறங்கி வந்தேன்" என்றார். பிறகு எழுத்தாணியின் முனையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆற்றங்கரையில் நிற்க இடமில்லை. புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் மணந்தன. பெண்கள் முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டார்கள். ஆறு செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு போனது. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை.

சேந்தன் வரவில்லை.

கொற்றனார் புதுச் சுவடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசி ஓலையும் அதில் திரும்பி வந்திருந்தது. அம்மை கேட்கும் முன்பே கயிற்றை அவிழ்த்தார். கடைசி ஓலையை உருவினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். ஊருக்கே தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"ஒன்றுமே எழுதவில்லை அம்மையே." சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. "பக்கத்தில் உட்காரலாம் என்றீர்கள். உங்கள் சோற்றில் பாதி என்றீர்கள். நீங்கள் சொல்லியும் எழுதவில்லை, பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"ஓடிவிட்டார்."

"எந்தப் பக்கம்?"

மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். "விடியும்போதே கரையோடு போனாரும்மா. மேற்கே. கையில எழுத்தாணி இருந்துச்சு. இந்தத் தடவை உச்சியைத் தாண்டணும்னு அவராவே பேசிக்கிட்டார். மலைப் பக்கம் கருவாடு விக்கிற பொம்பளைங்க எங்க தங்குவாங்கன்னு வேற கேட்டார். மடத்துச் சாமி கருவாட்டை விசாரிக்கிறாரேன்னு நான் வாயே திறக்கலை."

கரை முழுக்கச் சிரித்தது. அம்மையும் சிரித்தார்.

பிறகு அவர் பழைய ஓலைகளை வாங்கி ஆற்றில் விட்டார். அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போயின. ஆற்று வரி எழுதிய ஓலையும் அவற்றோடு போனது. அதே வரி, ஓர் எழுத்து மாறாமல், புதுச் சுவடியில் இருந்தது.

கொற்றனார் மடியிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். தயாராகத்தான் வந்திருந்தார்.

"நல்லவேளை, ஓலை கெடவில்லை" என்றார். "பழையபடி பூசிவிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் அம்மை. "அவர் வந்ததும் கழுவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்."