கண் மையும் சிவப்பு வண்டியும்

கதை கேட்பதோடு உங்கள் வேலை முடியாது. கடைசியில் ஒரு கார்ச் சாவியை உங்கள் கையில் கொடுத்து, இது யாருக்கு என்று கேட்பேன். ஆகவே கவனம்.

கோயம்புத்தூர் வடவள்ளியில் சிபி என்றொரு கல்லூரி ஆசிரியர். ஆசைப்பட்டு, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு பந்தயத் தளத்தில் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் மனைவி வான்மதியைக் காந்திபுரத்தில் இறக்கிவிடுவார். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் காலை எட்டு மணிச் செய்தி வாசிப்பவர் அவர். வீட்டில் நேரம் இருக்காது என்பதால் கண்ணுக்கு மை தீட்டுவது காரில்தான். வழியில் பதினோரு வேகத்தடைகள். இந்த வண்டியில் முதல் நாளே மை காதுவரை போய்விட்டது.

வான்மதி வண்டியை மாற்றச் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவருடைய அண்ணன் இளங்குமரனும் வந்திருந்தார். அந்தச் சிவப்பு வண்டிமேல் அவருக்கு ஏற்கெனவே ஒரு கண். சிபிக்கு ரோஷம் வந்துவிட்டது. மனைவியைப் பார்த்து வாக்குக் கொடுத்தார்: "சஸ்பென்ஷனை மாத்திடறேன். அப்புறம் நாப்பது நாள்ல ஒருநாள் உன் மை கலைஞ்சாலும், வண்டிய உங்கண்ணனுக்கே குடுத்தர்றேன்." அண்ணன் மறுசோறு போட்டுக்கொண்டார்.

சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே குலுக்கலைத் தாங்கும் அமைப்பு; அதில் எதை மாற்றுவது? மூன்று பட்டறைகளில் மூன்று யோசனை சொன்னார்கள். லாரன்ஸ், கட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியை இரண்டு விரல் இறக்கிவிடலாம் என்றார். வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும், பார்க்கவும் ராஜா மாதிரி இருக்கும். சிபிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. முத்துவேல், திருகு வைத்த ஸ்பிரிங் செட்டைக் காட்டினார். ஞாயிறு இறுக்கிக்கொள்ளலாம், திங்கள் தளர்த்திக்கொள்ளலாம். நல்ல சரக்குதான். ஆனால் சிபி, மோட்டார் சுவிட்சை அணைக்க மறந்து வாரம் இரண்டு முறை தண்ணீர்த் தொட்டியை வழியவிடுகிற மனிதர்.

உக்கடத்துத் தாவூத் எதையும் காட்டவில்லை. காரின் மூலையில் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். வண்டி மூன்று முறை ஆடி நின்றது. "ஸ்பிரிங்க தொட வேண்டாங்க. ஷாக் அப்சார்பர்தான் செத்துக் கெடக்குது. டயர்லயும் காத்து எக்கச்சக்கம்" என்றார். நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு, மூட்டுகளில் நைந்துபோன ரப்பர் புஷ்களுக்குப் பதில் புதியவை, டயரில் அளவான காற்று. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேகமும் தானாகக் கூடும் என்பது அவர் கட்சி.

சிபி அரை மனதோடு தாவூத்திடமே விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறியதாகத் தெரியவில்லை. என்னத்தை மாற்றினாய் என்று நண்பர்கள் கேட்டபோது மனிதருக்கு அழுகையே வந்தது. ஆனால் பந்தயத் தளத்தில் இரண்டு நொடி குறைந்தது, அழுகை நின்றது.

நாட்கள் ஓடின. முதலில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வான்மதி பென்சிலைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுவார். மூன்றாவது வாரம் எடுப்பதையே மறந்தார்.

முப்பத்தெட்டாம் நாள். வலது கண்ணில் மை தீட்டிக்கொண்டே வான்மதி கேட்டார்: "ஏனுங்க, அந்த ஸ்கூல் மேடு வந்துருச்சுங்களா?"

பதினோரு வேகத்தடைகளில் அதுதான் பெரியது. பேருந்தே முனகிக்கொண்டு ஏறும்.

"அது போயி ஒரு நிமிஷம் ஆச்சு" என்றார் சிபி.

வான்மதிக்கு நம்ப முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பில் கை வழுக்கி, மை கண்ணின் ஓரத்தைத் தாண்டி நீளமாக ஓடிவிட்டது. சிபி அவரைக் காந்திபுரத்தில் இறக்கிவிட்டார்.

எட்டு மணிக்கு வான்மதி திரையில் வந்தார். இரண்டு கண்ணிலும் மை ஓரம் தாண்டி, ஒரே அளவில், அழகாக நீண்டிருந்தது. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த இளங்குமரன் கையைக் கழுவாமலே டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தங்கையின் மை எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? மாலையில் பூமாலையும், சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார். போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்கத் தாவூத்தும் வந்திருந்தார்.

"மை கலைஞ்சுதா இல்லையா, மாப்பிள்ளை?" என்றார் அண்ணன்.

சிபி பொய் சொல்லத் தெரியாதவர். நடந்ததைச் சொல்லி, "சொன்னது சொன்னதுதாங்க மச்சான்" என்று சாவியை நீட்டினார். தாவூத் குறுக்கே வந்தார். வண்டி குலுங்கவே இல்லை, சிரித்ததற்கு வண்டி என்ன செய்யும், கொடுக்கக் கூடாது என்று வாதாடினார். வான்மதி எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார்.

கேட்டவர், கொடுத்தவர், தடுத்தவர். மூவரில் யார் சொன்னது நியாயம்? சாவி யாருக்கு?

விடை: தாவூத்தின் வேலையில் குறை இல்லை. அந்த மேட்டில் வண்டி குலுங்கியிருந்தால் பென்சில் அங்கேயே ஓடியிருக்கும். குலுங்காததால்தான் வான்மதிக்குச் சிரிப்பே வந்தது. ஆனால் சிபி சொன்ன வாக்கில் குலுக்கலைப் பற்றிப் பேச்சே இல்லை. மை கலைந்தால் என்றுதான் சொன்னார். அந்த வகையில் அண்ணன் கேட்டதும் தப்பில்லை, சிபி நீட்டியதும் தப்பில்லை. ஆனால் வாக்கு கொடுக்கப்பட்டது அண்ணனுக்கா? வான்மதிக்கு. அது தவறிவிட்டது என்று சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டுமே. வண்டி போகட்டும் என்று நினைத்திருந்தால் ஒரு கண்ணை அப்படியே விட்டு ஊருக்கே காட்டியிருப்பார். அவரோ மற்றக் கண்ணையும் அதற்கு இணையாக இழுத்துவிட்டார். ஆகவே சாவி சிபிக்கே. வண்டியை மாற்றச் சொன்னவருக்கே இப்போது அதை விட மனமில்லை.