எட்டாவது டம்ளர்

எங்கள் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஏழு வளாகம். கடைசி வளாகத்துப் பதிவேட்டில் எட்டுப் பேராசிரியர்கள் தினமும் கையெழுத்துப் போடுவார்கள். ஆளைத்தான் ஒருவரும் பார்த்ததில்லை.

ஆய்வுக் குழு வருகிற அன்று டீன் மார்க்கண்டன், அட்டெண்டர் அமலோற்பவம் அக்காவைக் கூப்பிட்டார். "எட்டு நாற்காலியிலும் ஆள் இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

"சரிங்க சார்."

குழு வந்து பார்த்தால் எட்டும் வெறும் நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர்ப்பலகை, ஆவி பறக்கும் டீ.

"எங்கேம்மா இவங்கல்லாம்?" என்றார் குழுத் தலைவர்.

"உட்கார்ந்திருக்காங்களே சார். தினமும் வர்றாங்கன்னு டீன் சாரே எழுதிக் கொடுத்திருக்கார். அவர் கண்ணுக்குத் தெரியறவங்க எனக்குத் தெரியலேன்னா, கோளாறு என் கண்ணுலதான்."

தலைவர் டீன் பக்கம் திரும்பினார். "அறிமுகப்படுத்துங்க."

டீன் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் எட்டாவதில் நின்றார்.

"ஏழு கையெழுத்து நான் போட்டது சார். எட்டாவது யார் போடறாங்கன்னு எனக்கே தெரியாது. அந்தப் பேரும் நான் எழுதினதில்லை."

குழு டீனையும் அழைத்துக்கொண்டு கிளம்பியது. அக்கா டம்ளர்களை எடுக்க வந்தார். ஏழு டீயும் ஆறி ஆடை கட்டியிருந்தது. எட்டாவது டம்ளர் காலி.

அக்கா அந்த நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"சர்க்கரை போதுமா சார்?" என்று கேட்டார்.